பிரேக் ஒயரில் கட்டிய பாம்பு

சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனவர் திரும்பி வரும்போது அதில் என்னென்ன இருக்காது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணியின் மேல்மூடி இருக்காது. வால்டியூப் இருக்காது, அதனால் டயரில் காற்றும் இருக்காது. டைனமோவைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். குஞ்சம் வைத்த சீட்டு உறை போயிருக்கும். விளையாட்டுக்குச் செய்தவர்கள் உண்டு, விற்பதற்காகச் செய்தவர்களும் உண்டு. நான் சொல்லப்போவது இந்த இரண்டிலும் சேராது.

இன்றைக்கும் ஸ்கூட்டரை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் அமுக்கிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்குச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அம்மா கிராம நர்ஸ். சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்குச் சைக்கிளில் போய்வருவாள். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் பாதி வகுப்புகள் காலையிலும் பாதி வகுப்புகள் மத்தியானமும் நடந்தன. எனக்குக் காலை. மத்தியானம் வீட்டில் தனியாக விட முடியாதென்று அம்மா என்னையும் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். கேரியரின் ஸ்பிரிங் தொடையைக் கிள்ளும். அம்மாவின் வெள்ளைச் சேலையில் ஸ்பிரிட்டும் வியர்வையும் கலந்து மணக்கும்.

சைக்கிள் பச்சை நிறம். பெண்கள் ஓட்டும் வகை, முன்னால் பார் கிடையாது. ஊரில் மற்ற சைக்கிள்களுக்கெல்லாம் கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பி பிரேக். அம்மாவின் சைக்கிளுக்கு மட்டும் ஒயர் பிரேக். கறுப்புக் குழாய்க்குள் மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்த ஒயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆடி மாதக் காற்று தொடங்கியபோதுதான் அதுவும் தொடங்கியது. முதலில் காற்றைப் பிடுங்கினார்கள். பூ மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு வந்தால் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அப்புறம் வால்டியூப் போயிற்று. மணியின் மூடி போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் கொடுக்கப் போன ஒரு நாள் செயினைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் வீடு படி இறங்கிப் போகிற குறுகிய சந்துக்குள் இருந்தது. பகலில் சைக்கிள் சந்து முக்கில், குழாயடிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அங்கேயும் நடந்தது.

அம்மா தனக்குத் தெரிந்த காவல் எல்லாம் செய்து பார்த்தாள். எண் பூட்டு வாங்கினாள். புது மணி மூடியை இறங்கும்போதே தன் கையால் திருகிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். வால்டியூபைக்கூடக் கழற்றி எடுத்துப் போவாள், திரும்பி வந்து தானே காற்றடிப்பாள். கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போவாள், அவர்கள் வியாபாரத்தில் மறந்துவிடுவார்கள். கடைசியில் காவல் என் தலையில் விழுந்தது. சைக்கிளை விட்டு நகரக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்றாள்.

இது ஒரு பிள்ளையைப் பயமுறுத்துமா என்று கேட்பீர்கள். அம்மாவின் வேலை தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். வலி எடுத்துவிட்டது என்று ஊரிலிருந்து ஆள் வந்தால் அவள் போயாக வேண்டும். ஒருமுறை பின்சக்கரம் படுத்துக் கிடந்ததால் அம்மா பஸ்ஸுக்குக் காத்துநின்று போய்ச் சேர்ந்தாள். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் குரல் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து, நான் கண்ணயர்ந்தால் எங்கேயோ ஒரு பிள்ளை செத்துப்போகும் என்ற கணக்கு எனக்குள் வந்துவிட்டது. கேரியரில் உட்கார்ந்து இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தாலும் அடக்கிக்கொள்வேன்.

ஒவ்வொரு முறையும் சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியதால் வெளியிலும் உரக்கத்தான் பேசுவார். சொல்லி அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பம்பும் ஸ்பேனருமாக வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார். சொல்யூஷன் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று விரலில் துளி தடவி என் மூக்குக்கு நேரே காட்டுவார். அந்தப் பயத்துக்கு நடுவில் எனக்குத் தைரியமாக இருந்தது அவர் வந்து நிற்கும் நேரம் மட்டும்தான்.

எங்கள் வீடுகளில் தம்பி மனைவியோடு மூத்தவர் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். அம்மா எதிரே நின்றாலும் அவர் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

“ஏட்டி, ஒங்கம்மாட்ட சொல்லு. டவுன் ஆசுபத்திரிக்குள்ளயே ஒரு வேல கேட்டு வாங்கிக்கிடலாம்லா. ஊர் ஊரா மிதிச்சிட்டு அலையணுமா?”

அம்மா என்னைப் பார்த்து, “கேட்டாச்சு, கெடைக்கலன்னு சொல்லு” என்பாள். நான் இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்வேன். அவர்கள் காதில் ஏற்கனவே விழுந்ததைத்தான் சொல்கிறேன் என்பது எனக்கு அப்போது வேடிக்கையாகப் படவில்லை.

யார் செய்கிறார்கள் என்பதில் பெரியவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் சின்னப் பாலம் ஒன்று உண்டு. அதன் சுவரில் வேலை இல்லாத நேரத்தில் தறிக்கார இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன், இருபது வயதிருக்கும், தலையில் எப்போதும் பஞ்சுத்தூசி. அம்மா சைக்கிளில் வருவதைக் கண்டால் கையை ஆட்டி, “ஏலே, வழி விடுங்கலே, பிளேன் எறங்குது” என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவன்தான் என்று பெரியப்பா முடிவுகட்டினார்.

செயின் கழன்று கிடந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். கேட்கவில்லை, நேரே கன்னத்தில் அறைந்தார். அவன் சுவரிலிருந்து சரிந்து எழுந்து நின்றான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பெரியப்பாவின் தறியிலோ அவருக்கு வேண்டியவர்கள் தறியிலோ ஓட்டுகிறவர்கள். ஒருவரும் அசையவில்லை.

“அண்ணாச்சி, பிளேனுன்னு சொன்னேன். அது தப்புதான். சைக்கிள நான் தொடல.”

“ஒன்னய யாருலே தொட்டியான்னு கேட்டா?” என்றார் பெரியப்பா.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என்னால் அந்த அறை விழுந்ததாக நான் நினைத்தேன். இவன் இனி என்னை விடமாட்டான் என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகு சைக்கிளில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவன் முகம் வராத திசை இல்லை.

அடுத்து நடந்தது குளத்துக்கரையில். ஒரு ஊருக்குப் போகும் பாதை குளத்துக்கரை மேல் ஏறிக் கொஞ்ச தூரம் ஓடி அந்தப் பக்கம் சரிவாக இறங்கும். இறக்கத்தின் அடியில் பாதை ரோட்டில் சேரும். தலைச்சன் பிரசவம், பெண்ணுக்கு ரத்தம் குறைவு, சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வேகமாக மிதித்தாள். பின்பிரேக் நெடுநாளாகப் பேருக்குத்தான் இருந்தது. இறக்கத்தில் முன்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அம்மாவின் முதுகு சட்டென்று விறைத்ததை என் கன்னத்தில் உணர்ந்தேன். அடியில் ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

“கால மடக்கிக்கோ” என்றாள். கத்தவில்லை.

ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி ஹேண்டிலை ஒடித்துப் பக்கத்து உடைமுள் மரத்துக்குள் விட்டாள். லாரி எங்களைத் தாண்டிப் போனபோது அதன் காற்று என் பாவாடையைத் தூக்கியது. எழுந்து பார்த்தால் அம்மாவின் செருப்பு வார் அறுந்து, பாதத்தில் தோல் உரிந்து மண்ணோடு ரத்தம். அவள் முதலில் பெட்டியைத் திறந்து பாட்டில்கள் உடைந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். அடுத்துத்தான் என்னைத் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம் தொங்கிய ஒயரின் முனையை விரலில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

“இத்துப் போய் அறுந்ததில்ல. பாதிய அறுத்து மிச்சத்த விட்டுருக்கு” என்றாள், யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஊரைப் பார்த்து ஓடினாள். சைக்கிளோடு இரு, ஆள் அனுப்புகிறேன் என்றாள். நான் முள்மரத்தடியில் நின்றேன். காற்று குளத்துத் தண்ணீரைச் சுருக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கரை மேல் ஒரு சைக்கிள் வந்தது. கேரியரில் நூல் மூட்டை. ஓட்டி வந்தவன் அவன்.

ஓடலாம் என்றால் சைக்கிளை விட்டு நகரக் கூடாது. நான் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கித் தன் சைக்கிளை மரத்தில் சாத்தினான். நெளிந்த ஹேண்டிலைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அம்மா எங்கே என்று கேட்டான். நான் கண்ணால் ஊர்ப்பக்கம் காட்டினேன். முன்சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இறுக்கி ஹேண்டிலை நேராக்கினான். பிறகு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“நான் முன்னால உருட்டிட்டுப் போறேன். நீ தள்ளிப் பின்னால வா. ஒனக்குப் பயமா இருக்கும்.”

அவனுடைய சைக்கிளும் நூல் மூட்டையும் அங்கேயே கிடக்க, அம்மாவின் சைக்கிளை ஊர் வரை உருட்டிக்கொண்டு போனான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரித்துப் பிரசவ வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்த வழியே போனான். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு எல்லாரும் பிழைத்தார்கள்.

அம்மா வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. அப்பாவுக்குக்கூட எழுதவில்லை. காலில் ஆணி குத்திவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். ரயிலடிப் பக்கம் ஒரு கடையில் புது ஒயர் போட்டாள். ஒயர் மாற்றியது அவளுக்கும் எனக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும். பெரியப்பா வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் சொல்லவில்லை.

சொல்ல முடியாததால் பயம் கூடிற்று. என்னால் இனிக் காக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கோயிலுக்குப் போனபோது சன்னிதித் தெருக் கடையில் தகட்டுப் பாம்பு ஒன்று வாங்கித் தரச் சொன்னேன். பூச்சி பொட்டு தீண்டாமல் இருக்க எங்கள் ஊரில் பாம்பும் தேளுமாகத் தகட்டு உருக்களை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். அம்மா வாங்கித் தந்தாள். நான் உண்டியல் வாயில் கையை நுழைத்துவிட்டுப் பாம்பைக் கைக்குள்ளேயே மறைத்து எடுத்து வந்தேன். படம் எடுத்த சின்ன நாகம், விளிம்பு கூர்மை. அம்மாவின் பெட்டியில் தொப்புள்கொடி கட்டும் வெள்ளை நூல் இருக்கும். அதில் ஒரு துண்டு எடுத்து, கைப்பிடிக்குக் கீழே புது ஒயரோடு பாம்பைச் சேர்த்துக் கட்டினேன். அம்மா கட்டுவதைப் பார்த்துப் பழகிய அதே இரட்டை முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு கோமதி அம்மனிடம், இதைத் தொடுகிறவன் கை வீங்கட்டும் என்று கேட்டேன்.

அம்மா பார்த்தாள். என்ன இது என்று கேட்கவில்லை. அவிழ்க்கவும் இல்லை.

அந்த வாரமே டவுன் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளுக்குக் காவல் இருந்தேன். குழந்தைகளின் சொட்டு மருந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மா ஏதோ எடுத்து வரச் சொல்லிக் கூப்பிட்டாள். போய்வந்தேன். பாம்பைக் காணோம். ஒயரின் இழைகளில் சில அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பாதியில் யாரோ விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். கீழே மண்ணில் தேடினேன். பாம்பு இல்லை.

கொஞ்ச நாளில் பெரியப்பாவின் வலது கை வீங்கியது.

நான் கேட்டபடி நடந்துவிட்டது, ஆள்தான் மாறிவிட்டது. அதற்குக் காரணமும் எனக்குத் தெரிந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்க அவர்தானே அடிக்கடி தொடுகிறார். பாம்புக்குச் சரிசெய்கிற கை எது, கெடுக்கிற கை எது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லையே. சாமி அறை முன்னால் நின்று, அவர் இல்லை, அவரை விட்டுவிடு என்று சொல்லிச் சொல்லி அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் பெரியப்பா கையைத் துண்டில் தாங்கிக்கொண்டு வந்தார். பெருவிரலுக்குக் கீழே சதை சிவந்து பளபளத்தது. அம்மா விளக்கை இழுத்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நடுவில்.

“ஏட்டி, ஒங்கம்மாட்ட சொல்லு. தறியில கம்பி குத்திட்டுன்னு.”

அம்மா கொதித்த தண்ணீரிலிருந்து இடுக்கியை எடுத்தாள். சதையைக் கீறி அமுக்கியபோது சீழ் வந்தது. பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுக்கி உள்ளே ஏதோ ஒன்றைப் பிடித்தது. அம்மா மெதுவாக இழுத்து, எனாமல் தட்டில் போட்டாள். கேட்டும் கேட்காத ஒரு சின்னச் சத்தம்.

நகத்தின் நீளம்தான் இருக்கும், மயிர்போல் மெல்லிய கம்பி. நேராக இல்லை. திரித்த ஒயரிலிருந்து பிரிந்த இழை எப்படிச் சுருண்டிருக்குமோ அப்படிச் சுருண்டிருந்தது. அம்மா தட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்தாள். இரவுக்கு இறக்கி வாசலில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளை ஒருமுறை பார்த்தாள்.

“ஒம் பெரியப்பாட்ட சொல்லு. தறியில திருகுன கம்பி கெடையாதுன்னு.”

அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. அவருடைய சைக்கிளுக்கு ஒயர் கிடையாது. என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வருவதை நானே கேட்டுப் பயந்தேன்.

பெரியப்பா தட்டைப் பார்த்தார். பேசியபோது தறிச் சத்தத்துக்குப் பழகிய குரல் இல்லை.

“விழணும்னு நெனைக்கலட்டி. ஊர் ஊராப் போற போக்கு நின்னாப் போதும்னு நெனச்சேன். நாலு பேரு பேசுதான்.”

“பொறக்கப்போற புள்ள நிக்காதுன்னு சொல்லு” என்றாள் அம்மா.

சொன்னேன்.

“அந்தத் தறிக்காரப் பையனுக்கு என்ன சொல்லப் போறாகன்னு கேளு.”

கேட்டேன். அவர் எழுந்திருக்கப் போனார்.

“ஊசி இன்னும் போடல. உக்காரச் சொல்லு.”

உட்கார்ந்தார். அம்மா ஊசி போட்டாள், மருந்து வைத்துக் கட்டினாள். பின்னாளில் நான் பார்த்தவரை, யாருக்கு அவள் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. நாளைக்குக் கட்டு மாற்ற வர வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் சொன்னேன்.

பிற்காலத்தில், எங்கே நடந்தது, எப்போது நடந்தது, அப்போது அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கிற விசாரணை வேலையில் இருந்தேன். அந்தக் கேள்விகளை இந்த ஆடி மாதத்தின் மேல் வைத்தால் விடை வெளிப்படையாக இருக்கிறது. கரிசல் ஊர்களில் சைக்கிளை ஒருவரும் தொட்டதில்லை. கை வைத்ததெல்லாம் டவுனுக்குள், அவருடைய தறிக்கூடத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில். ஒவ்வொரு முறையும் பம்போடு முதலில் வந்தவர் அவர். அம்மா உட்பட எல்லாரும் கேலி செய்கிற வாயைப் பார்த்தார்களே தவிர, பழுது பார்க்கிற கையைப் பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் பெரியப்பா எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கோயில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவன் எதிரே வர, அவர் சட்டென்று ஒரு வளையல் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். அந்த வருஷமே அவன் வேறு ஊர்த் தறிக்குப் போய்விட்டான்.

மறுநாள் கட்டு மாற்ற வந்தார். நான் சந்து முக்கில் அம்மாவின் சைக்கிள் பக்கத்தில் நின்றேன். தன் சைக்கிளை அதற்கு நேர் எதிரே, தள்ளி நிறுத்தினார். பூட்டினார். ஒரு கையால் மணி மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

“ஏட்டி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “சைக்கிள் நிக்கி. கொஞ்சம் பாத்துக்கோ. ஒங்கம்மா உள்ளதான இருக்கா?”

உள்ளேதான் இருக்கிறாள் என்றேன். அவர் போனபின் அந்தச் சைக்கிளைச் சுற்றி வந்தேன். கைப்பிடிக்குக் கீழே, அவருடைய பிரேக் கம்பியில், என் பாம்பு தொங்கியது. அம்மனுக்குப் போடுகிற உருவைத் தரையில் போட மனம் வராமல் எடுத்துப் போயிருக்கிறார். இப்போது அவருக்கே காவல் தேவைப்பட்டிருக்கிறது. தொப்புள்கொடி நூல் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. அறுபட்டிருந்த அந்த நூலில் என் முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு மேல் சணல் கயிறால் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தார்.

அவர் திரும்பி வரும் வரை நான் இரண்டு சைக்கிள்களுக்கும் காவல் இருந்தேன். அந்தப் பாம்பை மட்டும் தொடவில்லை.